நீந்து... மிதி... ஓடு!

கே.ஜி.கண்டிகையில் ஒரு பையன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக் கிணற்றில் தொபீரென்று குதிக்கிறான். ஆசை தீர நீந்திவிட்டு, ஈரத் தலையோடு, பிளஸ் ஒன் படிக்கும் அண்ணனின் இலவச சைக்கிளை எடுத்துக்கொண்டு திருத்தணிக்கு மிதிக்கிறான். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பூட்டுகிறான். அப்புறம் படிகளில் ஓட ஆரம்பிக்கிறான். மொத்தம் 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை! உச்சிக்குப் போய் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிறான்.

இப்படி ஒருவன் செய்தான் என்று வைத்துக்கொள்வோம். அவன் செய்தது என்ன என்று அவனுக்கே தெரியாது. ஆனால், அதற்கு உலகம் முழுக்க ஒரு பெயர் இருக்கிறது. டிரையத்லான்!

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாக, நடுவே உட்காராமல், ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி இது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்த்தார்கள். ஒலிம்பிக் அளவு என்ன தெரியுமா? 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சல் மட்டுமே பெரிய நீச்சல் குளத்தில் 30 நீளம் வரும். இதையெல்லாம் ஆண்களில் முதலிடக்காரர்கள் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். ஒரு சினிமாவில் இடைவேளை விட்டு, முறுக்கு வாங்கி வந்து உட்காருவதற்குள் அவர்கள் வீட்டுக்கே கிளம்பியிருப்பார்கள்!

இதையே தொழிலாகக் கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போய்ப் போட்டியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நாள் எப்படிப் போகும்? நம் ஊர்க்காரர்கள் அதில் எங்கே நிற்கிறார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

யார் பலசாலி?

1977-ஆம் ஆண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றில், ஓட்டப்பந்தயம் ஒன்றின் பரிசளிப்பு விழாவில் ஒரு வாய்ச்சண்டை. நீச்சல்காரன் பலசாலியா, ஓட்டக்காரனா? உங்கள் பள்ளி மைதானத்தில் நடக்குமே, அதே ரகம்தான். அங்கே இருந்த அமெரிக்கக் கடற்படைக்காரர் ஜான் காலின்ஸ், "சைக்கிள்காரனை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களையும் ஒன்றாகக் கோத்துவிட்டார். 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்!

சென்னையில் சைக்கிள் ஏறித் திருத்தணி போய், முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சென்னைக்கே திரும்பினாலும் 180 கிலோமீட்டர் நிறையாது. இன்னும் கொஞ்சம் மிதிக்க வேண்டும். அதற்குப் பிறகு மாரத்தான்.

1978 பிப்ரவரி 18-ஆம் தேதி 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் கார்டன் ஹேலர். அப்போது டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 நொடி. இந்த நீளப் போட்டிக்கு 'அயர்ன்மேன்', இரும்பு மனிதன் என்று பெயர் வைத்தார்கள். பெண்களும் இதில் பந்தயம் போடுகிறார்கள். ஆனாலும் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை!

நான்காவது விளையாட்டு

மூன்று விளையாட்டு என்றேன் அல்லவா? உண்மையில் நான்கு. அந்த நான்காவதைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நீரிலிருந்து வெளியே வருகிறவர் நேராக ஒரு பெரிய முற்றத்துக்கு ஓடுவார். கம்பிகளில் வரிசையாகச் சைக்கிள்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட இடம். இதை மாற்றிடம் என்று சொல்லலாம். இங்கே கடிகாரம் நிற்காது. துண்டு எடுத்துத் தலை துவட்ட நேரமில்லை. ஈர உடம்போடே ஹெல்மெட்டை மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு வெறுங்காலில் ஓடுவார்கள். செருப்பு, ஷூ எதுவும் இல்லையா? இருக்கிறது. ஷூ ஏற்கெனவே பெடலில் பூட்டப்பட்டிருக்கும்! அது கீழே தொங்கித் தரையில் இடறாமல் இருக்க, சாதாரண ரப்பர் பேண்டால் வண்டியோடு இழுத்துக் கட்டியிருப்பார்கள். வண்டி நகர்ந்ததும் ரப்பர் பேண்ட் பட்டென்று அறுந்துவிடும். ஓடிக்கொண்டே கால்களை உள்ளே நுழைப்பார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் சைக்கிளில், ஒரு ரூபாய்கூடப் பெறாத ரப்பர் பேண்ட்!

இங்கே கண்டிப்பான ஒரு விதி உண்டு. ஹெல்மெட்டின் கொக்கியை மாட்டாமல் சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது. திரும்பி வந்தபோதும் சைக்கிளைக் கம்பியில் மாட்டிய பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். மறந்தால் தண்டனை. இந்தக் கொக்கியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மறுபடி வரும்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கும்போது இன்னொரு வேடிக்கை. கால்கள் நம்முடையவை போலவே இருக்காது! இவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்து வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த கால், திடீரென்று உடம்பின் முழு எடையையும் தாங்கி முன்னே பாய வேண்டும். மூளைக்கும் தசைக்கும் இந்தத் தாளம் மாறச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை கால் களி மாதிரி குழையும். சந்தேகம் இருந்தால், அரை மணி நேரம் வேகமாகச் சைக்கிள் மிதித்துவிட்டு உடனே இறங்கி ஓடிப் பாருங்கள், தெரியும். (வண்டி வராத இடமாகப் பார்த்து!) இதைப் பழக்கவே வாரத்தில் சில நாள் சைக்கிள் முடிந்த கையோடு ஓட்டப் பயிற்சி வைப்பார்கள். அந்தப் பயிற்சிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 'செங்கல்'. கால் அப்படிக் கனக்குமாம்!

விடிந்தால் நீச்சல், இருட்டினால் தூக்கம்

தொழில்முறை வீரரின் ஒரு நாள் விடியும்போதே குளத்தில் தொடங்குகிறது. நாலு, ஐந்து கிலோமீட்டர் நீச்சல். சாப்பாடு. பிறகு இரண்டு மூன்று மணி நேரம் சைக்கிள். மறுபடி சாப்பாடு. மதியம் தூக்கம். சாயங்காலம் ஓட்டம். வாரத்துக்கு 20 முதல் 30 மணி நேரம் பயிற்சி மட்டுமே! நீங்கள் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஒரு வித்தியாசம். மதியம் தூங்கினால் இவர்களை யாரும் பெஞ்சு மேல் ஏற்ற மாட்டார்கள். தூங்காவிட்டால்தான் பயிற்சியாளர் திட்டுவார். களைத்த தசை தன்னைச் சரிசெய்துகொள்வது தூக்கத்தில்தான்.

சாப்பாட்டிலும் ஒரு பயிற்சி உண்டு. நீண்ட போட்டியில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். வாழைப்பழக் கணக்கில் சொன்னால், ஒரு மணி நேரத்துக்கு மூன்று நாலு பழம். அதையும் ஓடிக்கொண்டே! பழக்கமில்லாத வயிறு உடனே போராட்டம் நடத்தும். அதனால் பயிற்சியின்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வயிற்றையும் பழக்குகிறார்கள்.

சில மாதங்களில் மலை மேல் போய்த் தங்குவார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம், நம் ஊட்டி அளவு. அங்கே காற்று அடர்த்தி குறைவு. மூச்சுக்கு மூச்சு உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. உடம்பு என்ன செய்யும்? ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பு அணுக்களை அதிகமாகத் தயாரிக்கும். மூன்று நாலு வாரம் கழித்துக் கீழே இறங்கினால், அந்தக் கூடுதல் அணுக்கள் போட்டியில் கை கொடுக்கும்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். முன்னணி வீரர்கள் தினமும் ஒரு மணி நேரத்தைக் குறித்து, "இந்த நேரத்தில் இந்த முகவரியில் இருப்பேன்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுவார்கள். வீட்டில் ஆள் இல்லை என்றால் ஒரு குறி. 12 மாதத்தில் மூன்று குறி விழுந்தால், மருந்தே சாப்பிடாதவராக இருந்தாலும் விளையாடத் தடை வரும். பள்ளி வருகைப் பதிவேடு எவ்வளவோ தேவலை!

பெட்டிக்குள் சைக்கிள்

வெளிநாட்டுப் போட்டி என்றால் சைக்கிளும் கூட வர வேண்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, சக்கரங்களைப் பிரித்து, பஞ்சு உறை சுற்றிப் பெரிய பெட்டிக்குள் அடுக்குவார்கள். விமானத்தில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. இறங்கிய ஊரில் பெட்டி வந்து சேர்ந்ததா என்பதே முதல் கவலை. சேர்ந்தால், அறையில் தரையில் உட்கார்ந்து மறுபடி பூட்ட வேண்டும். அப்புறம் தூக்கம். அங்கே ராத்திரி, உடம்புக்கு மட்டும் பகல்.

மாதச் சம்பளம் கிடையாது. பரிசுப் பணம் முன்னால் வரும் சிலருக்குத்தான். மற்றவர்கள் விளம்பர உதவி, அரசு உதவி, வேலை கொடுத்த நிறுவனம், அப்பா அம்மாவின் சேமிப்பு என்று ஏதோ ஒன்றில் வண்டியை ஓட்டுகிறார்கள். சின்னப் போட்டிகளில் புள்ளி சேர்த்தால்தான் பெரிய போட்டிகளில் நுழைய இடம் கிடைக்கும். புள்ளிக்காகப் பயணம், பயணத்துக்காகப் பணம், பணத்துக்காகப் புள்ளி... பரமபதம் மாதிரி. பாம்பு கொஞ்சம் அதிகம்.

நீரில் போனால் போனதுதான்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

ஒலிம்பிக் மாதிரியான போட்டிகளில் சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகலாம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். பின்னால் வருகிறவருக்கு உழைப்பு ரொம்பவே மிச்சம். லாரிக்குப் பின்னால் சைக்கிள் விடக்கூடாது என்று உங்களைத் திட்டுவார்களே, அந்தக் காற்று மறைவுதான். அதனால் இருபது முப்பது பேர் ஒரு கூட்டமாகச் சேர்ந்து பறப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் சேர வேண்டுமானால், நீரிலிருந்து கூட்டத்தோடு சேர்ந்து வெளியே வர வேண்டும். அரை நிமிடம் பிந்தினாலும் கூட்டம் போய்விடும். பிறகு தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். இருபது பேர் முறை வைத்து இழுக்கும் வேகத்தை ஒருவர் எப்படிப் பிடிப்பார்? இடைவெளி ஒவ்வொரு சுற்றுக்கும் வளரும்.

இன்னும் கொடுமை ஒன்று உண்டு. சைக்கிள் பாதை சுற்றுச் சுற்றாக இருக்கும். முதலில் போகிறவர் ஒரு முழுச் சுற்று முந்தி வந்து உங்களைத் தாண்டிவிட்டால், போட்டியிலிருந்து நீங்கள் விலக வேண்டும். நடுவர் கை காட்டுவார். அவ்வளவுதான். ஒரு வருஷப் பயிற்சி, விசா, விமானம், சைக்கிள் பெட்டி எல்லாம் அந்தக் கையசைப்போடு முடிந்தது. முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே நேரம் இருக்காது. 'லேப்' என்று மூன்று எழுத்து மட்டும் இருக்கும்.

ஆகவே ஓட்டத்தில் புலியாக இருந்தாலும், நீச்சல் சுமாராக இருந்தால் ஓட்டம் வரைக்கும் போகவே முடியாமல் போகலாம். இந்திய வீரர்களின் பெரிய தலைவலி இதுதான் என்பது என் கருத்து. வெளிநாடுகளில் ஆறு ஏழு வயதில் குளத்தில் இறங்கிவிடுகிறார்கள். நம் ஊரில் 50 மீட்டர் குளம் என்றால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பஸ் ஏறிப் போக வேண்டிய தூரம். 2010-ல் டெல்லியில் காமன்வெல்த் போட்டிகளை நாம் நடத்தியபோது டிரையத்லானையே சேர்க்க முடியவில்லை. காரணம்? நீந்துவதற்குத் தகுந்த இடம் கிடைக்கவில்லை! யமுனை ஓடும் நகரத்தில்!

கிணற்று நீச்சல் போதாதா என்று கண்டிகைப் பையன் கேட்பான். தைரியத்துக்குக் கிணறு நல்ல பள்ளிக்கூடம். ஆனால் அங்கே வட்டமடிக்கலாமே தவிர, நேராக அரை மணி நேரம் நீந்த முடியாது. போட்டி நடக்கும் ஏரியிலும் கடலிலும் அடியில் கறுப்புக் கோடு கிடையாது. நாலைந்து கை வீசலுக்கு ஒரு தரம் முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கி, தூரத்தில் மிதக்கும் பெரிய பந்தைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். அதற்குள் ஐம்பது பேரின் கையும் காலும் மேலே விழும். கண்ணாடி கழன்று போகும். (பெரியவர்கள் இல்லாமல் கிணற்றிலோ ஏரியிலோ இறங்காதீர்கள். சாம்பியன்கள்கூடத் திறந்த நீரில் தனியாக நீந்துவதில்லை.)

நம்மால் முடியாத நீர் என்று ஒன்றும் இல்லை. ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் 1994-ல், 12 வயதில், பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். உங்கள் வயதுதான்!

ஒரே ஏரியில் நம்மவரும் சாம்பியனும்

2019 டிசம்பர். நேபாளத்தில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள். டிரையத்லானில் ஆண்கள் பிரிவில் ஆதர்ஷ் முரளிதரன் நாயர் சினிமோள் தங்கம், மணிப்பூரைச் சேர்ந்த ராணுவ வீரர் பிஷ்வர்ஜித் சைகோம் வெள்ளி. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீந்தி, மிதித்து, ஓடிய இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி, பத்து நொடிகூட இல்லை! பெண்கள் பிரிவிலும் முதல் இரண்டு இடம் இந்தியாவுக்கே. தோடம் சரோஜா தேவி தங்கம், ஆமதாபாத்தைச் சேர்ந்த பிரக்ஞா மோகன் வெள்ளி.

பிரக்ஞா மோகன் சி.ஏ. படித்து முடித்தவர். ஆடிட்டர் ஆகிற படிப்பு. எத்தனை பேர் திரும்பத் திரும்ப எழுதித் தேறுகிற பரீட்சை என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலக நாற்காலிக்குப் பதிலாகச் சைக்கிள் இருக்கையைத் தேர்ந்தெடுத்தார்.

2022 ஜூலை 29. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் காமன்வெல்த் போட்டி. சட்டன் பார்க் என்ற பெரிய பூங்காவில் இருக்கும் ஏரியில் நீச்சல். இந்த முறை பாதி அளவு. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இந்தியாவிலிருந்து நான்கு பேர். ஆதர்ஷ், விஷ்வநாத் யாதவ், பிரக்ஞா, சஞ்சனா ஜோஷி.

அவர்களோடு வரிசையில் நின்றவர்கள் யார் தெரியுமா? பெண்களில் பெர்முடாவின் ஃபுளோரா டஃபி. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத குட்டித் தீவு அது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தத் தீவுக்கு முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஆண்களில் இங்கிலாந்தின் அலெக்ஸ் யீ, நியூசிலாந்தின் ஹேடன் வைல்ட்.

ஆண்கள் போட்டியில்தான் அந்தக் கொக்கிக் கதை. வைல்ட் முன்னணியில் இருந்தார். சைக்கிளை மாட்டுவதற்கு முன்பே அவசரத்தில் ஹெல்மெட் கொக்கியைக் கழற்றிவிட்டார் என்று 10 நொடி தண்டனை! ஓட்டத்தின்போது தண்டனைக் கட்டத்துக்குள் போய் 10 நொடி சும்மா நிற்க வேண்டும். யீயும் அவரும் கடைசிவரை ஒட்டி ஓடினார்கள். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வைல்ட் பக்கத்தில் ஓடிய யீயின் கையோடு கை தட்டிவிட்டுத் தண்டனைக் கட்டத்துக்குள் நுழைந்தார். யீ தங்கம். வைல்ட் நின்று, பிறகு ஓடி, வெள்ளி. பெண்களில் தங்கம் டஃபிக்கு.

நம்மவர்கள்? நால்வரும் முழுத் தூரத்தையும் முடித்தார்கள். ஆனால் முதலில் வந்தவர்களுக்குச் சுமார் பத்து நிமிடம், அதற்கும் மேல் பிந்தி, பட்டியலின் கடைசிப் பகுதியில். முதல் மூவர் மெடலோடு பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தெற்காசியாவில் தங்கமும் வெள்ளியும். உலகத்தின் முன்னால் பத்து நிமிடம். இந்த இரண்டுமே உண்மை. ஒன்றை மட்டும் சொல்லிக் கைதட்டுவது சுலபம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் வரைக்கும் எந்த இந்தியரும் ஒலிம்பிக் டிரையத்லானில் இறங்கவில்லை. அந்த பாரிஸில் சென் நதித் தண்ணீர் சுத்தமாக இல்லை என்று ஆண்கள் போட்டியையே ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். தள்ளி நடந்த போட்டியில் மறுபடி யீயும் வைல்டும்! வைல்ட் ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தபோது, கடைசி சில நூறு மீட்டரில் யீ பாய்ந்து முந்தி, ஆறு நொடியில் தங்கம் வாங்கினார்.

எதிராளி கொடுத்த காற்று

இத்தனை கடும் போட்டியில் நட்பு இருக்குமா?

2016-ல் மெக்சிகோவின் கோசுமெல் தீவு. வெயில் கொளுத்துகிறது. இங்கிலாந்தின் ஜானி பிரவுன்லி முதலாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது உடல் சூடேறி, கால் பின்னித் தள்ளாடினார். பின்னால் வந்தவர் அவருடைய அண்ணன் அலிஸ்டர். நின்றார். தம்பியின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்து வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பியை முதலில் தள்ளிவிட்டார். இதற்குள் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமன் முந்திப்போய் முதலிடம். தம்பி இரண்டாவது, அண்ணன் மூன்றாவது. இப்போதைய விதிப்படி, ஒரு வீரர் இன்னொரு வீரரை அப்படித் தாங்கி முன்னே கொண்டுபோனால் இரண்டு பேருமே தகுதி இழப்பார்கள். அண்ணன் தம்பிக்கும் அதே விதிதான்.

ஆனால் பஞ்சரானால் டியூப், பம்ப் கொடுத்து உதவத் தடையில்லை. அதற்கு ஒரு கதை உண்டு. கிறிஸ்ஸி வெலிங்டன் என்ற இங்கிலாந்துப் பெண். அரசு வேலையில் இருந்தவர். பிறகு நேபாளத்தில் வளர்ச்சிப் பணி. ஓய்வு நாளில் இமயமலைப் பாதைகளில் சைக்கிள். அந்த மலையேற்றம்தான் அவருடைய உடம்பை இரும்பாக்கியிருக்க வேண்டும். 30 வயதில் தொழில்முறை வீராங்கனையானார். அதே 2007-ஆம் ஆண்டு, ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் யாரும் எதிர்பாராத முதல் இடம்!

அடுத்த ஆண்டு அதே ஹவாய். முன்னால் போய்க்கொண்டிருந்தவருக்கு டயர் பஞ்சர். டியூபை மாற்றிவிட்டார். காற்றடைக்க வைத்திருந்த குட்டி வாயுக் குப்பி வீணாகிவிட்டது. எரிமலைப் பாறைக்கு நடுவே, வெயிலில், சாலையோரம் நிற்கிறார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அப்போது ஆஸ்திரேலியாவின் ரெபெக்கா கீட் தன்னுடைய குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் அதே போட்டியில் ஓடுகிறவர்தான்! மீதி வழியில் தனக்குப் பஞ்சர் ஆனால்? அதை அவர் யோசித்தாரோ என்னவோ. வெலிங்டன் காற்றடைத்து, விரட்டிப் பிடித்து, அந்த வருஷமும் ஜெயித்தார். மொத்தம் நான்கு முறை அங்கே சாம்பியன்.

போட்டி முடிந்த ராத்திரி எல்லோருக்கும் ஒரே வேலைதான். சாம்பியன் ஆனாலும், கடைசியில் வந்தவர் ஆனாலும், அறைத் தரையில் உட்கார்ந்து பெடலைக் கழற்ற வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும். சக்கரத்துக்கு உறை போட வேண்டும். பெட்டியை மூடி விமான நிலையத்துக்கு இழுக்க வேண்டும். அடுத்த ஊர், அடுத்த ஏரி. ரப்பர் பேண்ட் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.